‘நினைக்காதே’ என்றால் நிற்குமா? வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே வரி பல கையெழுத்துகளில் வந்திருக்கிறது: “எல்லாரும் அதையே நினைச்சிட்டு இருக்காதேன்னு சொல்றாங்க, என்னால முடியல.” முடியாதுதான். மனசு வேலை செய்யும் விதமே அப்படி. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார். நினைப்பு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்றதும், முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. நம் வீடுகளில் அன்போடு சொல்லப்படும் “நினைக்காதே”யும் இதையேதான் செய்கிறது. அதைச் சொல்பவர்களும் இந்தப் பதில்களைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எழுதியவர்களை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவசரமானதை முதலில் வைக்கிறேன்.

என் கூட்டாளி காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கிறான். இரண்டு மாதமாக யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. போன வாரம், “நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது” என்றான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. இல்லாத யோசனையை நானே கிளப்பிவிட்டது போல ஆகிவிடுமோ?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள். “செத்துடலாம்னு தோணுதாடா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இருந்தால், ஒருவரிடமாவது சொல்லிவிட்டோம் என்ற ஆசுவாசம்தான் வரும்.

அவர் ஆமாம் என்றால் பதறாதீர்கள். “பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாரு” என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். அவர்களுக்குத் தான் ஒரு பாரம் என்றுதான் அவர் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பார். பேச விடுங்கள், தனியாக விடாதீர்கள். இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: தோட்டத்து ஸ்டோர் சாவி பெரும்பாலும் ரைட்டர் கையில் இருக்கும். பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அங்கேதான். சில வாரங்களுக்கு அந்தச் சாவி வேறு யாரிடமாவது இருக்கட்டும். சாக வேண்டும் என்ற வேகம் பல பேருக்குச் சில நிமிடம், சில மணி நேரம் உச்சத்தில் நின்று தணிகிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

14416 என்ற டெலிமனஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. நீங்கள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள். மறுநாள் காலையில் கீழே சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். “போலீஸ் கேஸ் ஆகிடும்” என்று பயந்தே பலர் வராமல் இருக்கிறார்கள். எண்ணம் வருவது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சி செய்தவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

அம்மாப்பேட்டையில் நாலு விசைத்தறி ஓட்டுகிறேன். வயது 46. ஒரு கட்டு சேலை திரும்பி வந்ததிலிருந்து ராத்திரி மூணு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. “எல்லாம் போச்சு, நான் எதுக்கும் லாயக்கில்ல” என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வருகிறது. மச்சான் பாசிட்டிவாக நினை என்கிறார். எப்படி நினைப்பது?

பாசிட்டிவாக நினைக்க வேண்டாம். நம்பாத ஒன்றை நூறு தரம் சொன்னாலும் மனசு ஏற்காது. உள்ளதை உள்ளபடி பார்த்தால் போதும்.

1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு நொடியில் ஒரு எண்ணம் வந்து போகிறது, அதைச் சோதித்துப் பார்க்காமலே தீர்ப்பு மாதிரி நம்பிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பைத் தாளில் எழுதி விசாரிப்பதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையின் ஒரு பகுதி. நான் என்னிடம் வருபவர்களிடம் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தை எடுக்கச் சொல்வேன். மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் நடந்தது மட்டும்: “பன்னிரண்டு சேலை திரும்பியது, சாயம் இறங்கியிருந்தது.” இரண்டாவதில் மனசு சொன்னது, அதே வார்த்தையில்: “எல்லாம் போச்சு.” மூன்றாவதில் இரண்டு பக்கத்துச் சாட்சியும்: “பணம் நஷ்டம், அது உண்மை. ஆனால் ஒரே பாவில் வந்த சேலைகள்தான் அவை. மற்ற மூன்று தறியின் சரக்கை அதே வியாபாரி எடுத்துக்கொண்டார். சாயப்பட்டறையை மாற்ற வேண்டும்.” எழுதி முடித்ததும் ‘எல்லாம்’ என்ற சொல் அந்தத் தாளில் நிற்க முடியாமல் போவதைப் பார்ப்பீர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுத்தானே ஓட்டுகிறீர்கள்? பாவையே அறுத்து எறிவதில்லையே.

இதைப் பகலில் செய்யுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். மூணு மணிக்கு எண்ணம் வந்தால், “ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுங்கள். விரட்டுவதைவிடத் தள்ளிப்போடுவது மனசுக்குச் சுலபம். அந்த நேரத்தில் கணக்குப் பார்க்காதீர்கள், கடனைக் கூட்டாதீர்கள்.

அப்புறம் அந்தக் கட்டிங். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கும். உங்கள் மூணு மணி விழிப்பில் அதற்கும் பங்கு இருக்கக்கூடும். அளவு கூடிவிட்டது, காலையில் கை நடுங்குகிறது என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். விடியலுக்கு முன்பே விழிப்பு, எதிலும் பிடிப்பில்லாமை, பசியின்மை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். காலண்டர் தாளோடு நிறுத்திக்கொள்ளாமல் வந்து பாருங்கள்.

வயது 21. கோட்டை மாரியம்மன் கோயிலில் அம்மன் முன்னால் நிற்கும்போது சொல்லவே கூசும் அசிங்கமான எண்ணங்கள் வருகின்றன. கன்னத்தில் போட்டுக்கொள்வேன், மன்னிப்புக் கேட்பேன், எண்ணி எண்ணித் தோப்புக்கரணம் போடுவேன். எண்ணிக்கை தப்பினால் மறுபடி முதலிலிருந்து. இப்போது கோயிலுக்கே போவதில்லை. நான் அவ்வளவு கெட்டவனா?
– செவ்வாய்ப்பேட்டை

இல்லை தம்பி. இந்தக் கடிதத்தை எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று இடத்தில் அடித்து அடித்து எழுதியிருக்கிறீர்கள்.

வேண்டாத, கூசும் எண்ணங்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகின்றன. மற்றவர்கள் “சே” என்று விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அம்மன்மேல் பக்தி அதிகம், அதனால் அந்த எண்ணம் உங்களைச் சுடுகிறது. இந்த நோய் ஒருவர் எதை உயிராக மதிக்கிறாரோ அங்கேதான் போய்க் குத்தும். பக்தி உள்ளவருக்குச் சாமி, தாய்க்குக் குழந்தை. ஓ.சி.டி. என்று சொல்வார்கள், எண்ணச் சுழற்சி நோய். உங்கள் குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுழற்சி எப்படி நடக்கிறது பாருங்கள். எண்ணம் வருகிறது, பதைப்பு ஏறுகிறது, தோப்புக்கரணம் போடுகிறீர்கள், பதைப்பு இறங்குகிறது. ‘இதைச் செய்ததால்தான் தப்பித்தோம்’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் வேகமாகக் கேட்கிறது. சிகிச்சை இந்தக் கண்ணியை உடைப்பதுதான். எண்ணம் வரட்டும், பரிகாரம் மட்டும் வேண்டாம். பதைப்பு தானாக இறங்கும்வரை இருந்து பார்ப்பது. இதைப் படிப்படியாக, பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு செய்ய வேண்டும், மாத்திரையும் நன்றாக உதவும். வீட்டில் அம்மாவிடம் “நான் பாவம் பண்ணிட்டேனா?” என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் பரிகாரம் மாதிரிதான், அதையும் குறைக்க வேண்டியிருக்கும்.

எண்ணமே வராத நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். எண்ணம் வந்தாலும் கூட்டத்தோடு வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வருவதுதான் நம் இலக்கு. அடுத்த ஆடிப் பண்டிகைக்கு அதை முயலலாம்.

மனநோய் மாத்திரை பழகிவிடுமா? வாழ்நாள் முழுவதும் போட வேண்டுமா?
– பலர்

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப் பழக்கம் ஆவதில்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முதல் வாரத்தில் குமட்டல் இருக்கலாம். அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவோம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம். பழகிவிடக்கூடியவை வேறு சில: அல்பிரசோலம் போன்ற பதற்ற, தூக்க மாத்திரைகள். பழைய சீட்டைக் காட்டி அவற்றை மாதக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள்.

அஸ்தம்பட்டியில் வீடு, ஏற்காட்டில் ஆபீஸ் வேலை. மூன்று மாதம் முன்பு பஸ்ஸில் ஏழாவது வளைவில் திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, செத்துவிடுவேன் போல் ஆகிவிட்டது. ஈ.சி.ஜி. நார்மல். இப்போது பஸ்ஸை நினைத்தாலே பயம். கணவர்தான் வண்டியில் விடுகிறார். வேலையை விட்டுவிடலாமா?

வேலையை விடாதீர்கள் அம்மா. உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பீதி போலத்தான் தெரிகிறது. ஈ.சி.ஜி. பார்த்தது நல்லது, தைராய்டும் ரத்தச் சோகையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் மரத்தது. உடம்பு பொய்யாக அபாய மணி அடித்திருக்கிறது. சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். மறுபடி வந்தால் மூச்சை இழுப்பதைவிட, வாயைக் குவித்து மெதுவாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். பஸ்ஸில் ஏறும் முன் காபி வேண்டாம், அது தரும் படபடப்பே பயத்தைத் தொடக்கிவிடும்.

கணவர் வண்டியில் விடுவது அன்புதான். ஆனால் ஒவ்வொரு நாளும் ‘பஸ் ஆபத்து’ என்று மூளைக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கிறது. திரும்பி ஏறும் வழி படிகளில் இருக்கிறது. முதல் வாரம், அடிவாரம் வரை மட்டும் டவுன் பஸ். அடுத்து, விடுமுறை நாளில் கணவர் பக்கத்தில் இருக்க மேலே வரை. பிறகு அவர் பஸ்ஸுக்குப் பின்னால் வண்டியில் வரட்டும். பிறகு நீங்கள் மட்டும். ஒவ்வொரு படியையும் பயம் பாதியாகக் குறையும் வரை திரும்பச் செய்யுங்கள். ஒரு விதி: பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடக்கூடாது. இறங்கினால் பயம் ஜெயித்ததாகப் பதிந்துவிடும். வளைவுகள் இருபது. ஏழாவதில் வரும் பயம் பத்தாவதில் எப்படி இருக்கிறது, பதினைந்தாவதில் எப்படி என்று பத்துக்கு மார்க் போட்டு ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். அந்தத் தாள்களை அடுத்த முறை என்னிடம் காட்டுங்கள்.

மனைவிக்குக் குழந்தை பிறந்து 40 நாள். ஆத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். தினமும் அழுகை. “பாப்பாவைக் கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்குங்க” என்கிறாள். அத்தை, பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பாள் என்கிறார்.

முதல் பத்துப் பதினைந்து நாள் அழுகை என்றால் அத்தை சொல்வது சரி. பல தாய்மார்களுக்கு வந்து தானே சரியாகும். 40 நாளாகத் தொடர்கிறது என்றால் பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வா என்று பார்த்தே ஆக வேண்டும். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயங்கரக் காட்சிகள் புதுத்தாய்க்கு வருவது சகஜம். அது வந்து அவர் பதறுகிறார் என்பதே அவர் குழந்தையை எவ்வளவு காக்க நினைக்கிறார் என்று காட்டுகிறது. குழந்தையை அவரிடமிருந்து பிரிக்காதீர்கள். ராத்திரி ஒரு வேளைப் பாலை முன்கூட்டியே எடுத்து வைத்து, அவரை நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க விடுங்கள். நீங்களும் ஆத்தூரில் போய்த் தங்குங்கள். பால் கொடுக்கும்போது போடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன.

ஆனால் தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக இருக்கிறார், காதில் குரல் கேட்கிறது என்கிறார், குழந்தையைப் பற்றி விசித்திரமாகப் பேசுகிறார் என்றால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை. அதுவரை தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள்.

மனசு சரியில்லை. ஏற்காட்டில் தனியாக ஒரு வாரம் தங்கினால் சரியாகிவிடுமா?
– சூரமங்கலம்

குளிர் காற்றும் நடையும் நல்லதுதான். ‘தனியாக’ என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. சோர்ந்திருக்கும் மனசு லாட்ஜ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் எண்ணம்தான் பெருகும். இரண்டு நாள் போதும். கடிதத்தில் உங்கள் அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் எப்போதும் எழும் நேரத்துக்கே எழுந்து ஏரியைச் சுற்றி நடங்கள். போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை மறக்காமல் பையில் வையுங்கள். திரும்பி வந்த பிறகும் மனசு அப்படியே இருந்தால், அதையும் எனக்கு எழுதுங்கள்.