பூங்காவில் கடை கட்டுகிறார்களா? உடனே மதுரைக்குப் போங்கள்

நாகர்கோவிலில் உங்கள் தெருப் பூங்காவின் ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, கடை கட்டச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், படித்ததும் மனசு பதறிவிட்டது. முதலில் உங்கள் மனைப்பிரிவின் (லேஅவுட்) அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகலாம், அதுவரை சும்மா இருக்காமல் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, மாநகராட்சி ஆணையருக்கும் கலெக்டருக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

வரைபடத்தில் பூங்கா என்று இருந்தால் உங்கள் கை ஓங்கும். அப்புறம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு, கூடவே இடைக்காலத் தடை மனு. பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, பி.எஸ். முத்தப்பா வழக்கு, வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள். மருத்துவமனைக்கே கூடாதென்றால் கடைக்கு எப்படி? அஸ்திவாரம் தோண்டுவதற்குள் போய்விடுங்கள், சுவர் எழும்பிவிட்டால் இடிக்கச் சொல்லி வாங்குவது பெரும்பாடு.