அமெரிக்காவின் அரசுக் காட்டில் காசு கொடுக்காமல் கூடாரம் அடித்துத் தங்கலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் காட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் இலவசமாக டென்ட் போடலாம் என்று நண்பர் சொன்னது உண்மையா? ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

முதலாவது முக்கால்வாசி உண்மை. இரண்டாவதற்கு எங்கள் அம்மா கதையைச் சொன்னால்தான் பதில் வரும். நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறேன். கோடையில் இங்கே வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். அதனால் வாராவாரம் பாதி ஊர் வடக்கே பைன் காட்டைப் பார்த்துக் கிளம்பிவிடும். அந்தக் கூட்டத்தில் நாங்களும் ஒன்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஆட்கள் பெரும்பாலும் நேஷனல் பார்க்கையும் நேஷனல் ஃபாரஸ்ட்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். பார்க் உள்துறையின் கீழ் வருவது; அங்கே இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது. ஃபாரஸ்ட் வேளாண்மைத் துறையின் கீழ் வருவது. 1905-இல் தொடங்கிய வன சேவைத் துறைதான் அதைப் பார்த்துக்கொள்கிறது. மரம் வெட்டவும் மாடு மேயவும் வேட்டைக்கும் விட்ட காடு அது. அங்கேதான் 'டிஸ்பர்ஸ்டு கேம்பிங்' என்று இவர்கள் சொல்வது நடக்கும். அதாவது கட்டி வைத்த முகாமில் தங்காமல், காட்டுக்குள் அவரவர் இடம் பார்த்துத் தங்குவது. இப்படி 154 நேஷனல் ஃபாரஸ்ட்கள் இருக்கின்றன. புல்வெளிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 19.3 கோடி ஏக்கர். ஆறு தமிழ்நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எல்.எம். என்கிற இன்னொரு துறையின் கையில் இதைவிட அதிக நிலம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பொட்டல். எனக்கு மரம் வேண்டும்.

நாங்கள் இதில் இறங்கியது ஆசைப்பட்டு இல்லை. கிராண்ட் கேன்யன் நேஷனல் பார்க்கின் தெற்கு விளிம்பில் மேத்தர் என்று ஒரு முகாம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னாலேயே பதிவு திறக்கும், திறந்த வேகத்தில் தீரும். கிடைக்கவில்லை. பார்க் வாசலுக்கு வெளியே டூசயான் என்று சின்ன ஊர், அதைச் சுற்றிக் கைபாப் நேஷனல் ஃபாரஸ்ட். 'படுத்துக்கிடக்கும் மலை' என்று பையூட் மொழியில் பொருளாம். அங்கே போய்ப் படுங்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்.

அந்த முதல் பயணத்தில் செய்யக்கூடாத அத்தனையும் செய்தோம். ஆகஸ்ட் மாதம், அரிசோனாவின் மழைக்காலம். வேலை முடித்துக் கிளம்பியதால் போய்ச் சேரும்போது ராத்திரி பத்து மணி. தார்ச்சாலையை விட்டு மண்சாலையில் இறங்கி, இடம் தேடுகிறேன் பேர்வழி என்று ஒரு கிளைப்பாதைக்குள் காரை விட்டேன். மத்தியானம் பெய்த மழை மண்ணைக் களியாகக் கிண்டி வைத்திருந்தது. சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. என் மனைவி பேசாமல் பின்சீட்டில் பையனைப் படுக்க வைத்தார். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். விடிந்ததும் பிக்கப் வண்டியில் வந்த பெரியவர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். தடத்தைக் காட்டி, "இது நேற்று விழுந்தது இல்லை, உனக்கு முன்னால் பத்துப் பேர் இங்கேயே மாட்டியிருக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். இடத்தைப் பகலில் பார்க்க வேண்டும், ஆழமான சக்கரத் தடம் கண்டால் இறங்கி நடந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாடகைக் கார் என்றால் இன்னும் கவனம்: பெரும்பாலான ஒப்பந்தங்களில் மண்சாலையில் ஓட்டக்கூடாது என்று இருக்கும், மாட்டிக்கொண்டால் செலவு உங்கள் தலையில்.

'எங்கே வேண்டுமானாலும்' என்று நண்பர் சொன்னதில்தான் அந்தக் கால்வாசி பொய் இருக்கிறது. ஒவ்வொரு காட்டுக்கும் வண்டி போகும் சாலைகளின் வரைபடம் உண்டு, எம்.வி.யூ.எம். என்பார்கள், இலவசம்தான். கறுப்பு வெள்ளையில், மலையும் இல்லாமல் மரமும் இல்லாமல், பார்க்கச் சகிக்காது. ஆனால் சட்டம் அதுதான். அதில் இல்லாத பாதை கண்ணெதிரே இருந்தாலும் வண்டி போகக்கூடாது. சாலையை விட்டு எவ்வளவு தூரம் காரை இறக்கலாம் என்பது காட்டுக்குக் காடு மாறும். எங்கள் பக்கத்தில் சாதாரணச் சாலை என்றால் 30 அடி, வரைபடத்தில் புள்ளி வைத்த சாலை என்றால் 300 அடி. போனிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். தங்குவதற்கு 14 நாள் வரம்பு பல காடுகளில் உண்டு. அரிசோனாவில் இன்னொரு சட்டம் எனக்குப் பிடிக்கும்: மிருகங்களும் மாடுகளும் தண்ணீர் குடிக்கும் குட்டைக்குக் கால் மைல் தூரத்துக்குள் டென்ட் போட்டு அவற்றை வரவிடாமல் செய்யக்கூடாது. வறண்ட ஊரில் அந்தக் குட்டையை விட்டால் அதுகளுக்கு வேறு போக்கு கிடையாது.

ஏற்கெனவே ஆட்கள் தங்கிப்போன இடமாகப் பாருங்கள். கல் வைத்த அடுப்பு வட்டம் இருக்கும், தரை கெட்டித்திருக்கும். புதுசாக ஒரு புல்தரையை நாசம் செய்ய வேண்டியதில்லை. கூட்டம் குப்பையைப் போட்டுப் போட்டு, செடோனா பக்கம் இப்போது குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும்தான் தங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு யாரைக் குறை சொல்வது?

இனி அம்மா. ஊரிலிருந்து வந்திருந்தபோது செப்டம்பர் கடைசியில் அதே டூசயான் பக்கம் கூட்டிக்கொண்டு போனோம். இந்த முறை பகல் மூன்று மணிக்கே போய்விட்டோம். பாண்டரோசா பைன் மரங்கள், வெயிலில் பட்டையை முகர்ந்தால் வெனிலா வாசம் அடிக்கும். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "பிஸ்கட்டு வாசம்" என்றார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கேட்டார், "பாத்ரூம் எந்தப் பக்கம்யா?"

நான் கையில் வைத்திருந்த சின்ன மண்வெட்டியைக் காட்டினேன்.

போடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல கக்கூஸ் கட்டச் சொல்லி உங்கப்பாட்ட பதினோரு வருசம் மல்லுக்கட்டுனேன். கட்டி முடிச்சு நிம்மதியா இருக்கையில, ஏரோப்ளேன் ஏத்தி என்னைய மறுபடி காட்டுக்குக் கூட்டியாந்துருக்க."

வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கோபம். நியாயமான கோபம். பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் இதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். முறை என்னவென்றால், முகாமுக்கும் பாதைக்கும் தண்ணீருக்கும் 200 அடி தள்ளி, எழுபது தப்படி என்று எண்ணிக்கொள்ளலாம், ஆறிலிருந்து எட்டு அங்குலம் குழி. நம் கணக்கில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. மூடிவிட்டு வர வேண்டும். காகிதம் பயன்படுத்தினால் அதைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வர வேண்டும். வறண்ட மண்ணில் அது மக்க நாளாகும், மிருகம் தோண்டிப் போட்டுவிடும். சொம்புக்காரர்களான நமக்கு இதில் ஒரு வசதி. அம்மா இதற்கெல்லாம் மசியவில்லை. டூசயானுக்குக் காரை எடுத்துப் போய்த்தான் அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்த பயணத்துக்குள் மடக்கு நாற்காலி மாதிரி ஒரு கழிப்பிருக்கை, கெட்டியாக்கும் பொடி உள்ளேயே வைத்த பைகள், ஆள் உயரத்துக்கு நிற்கும் சின்ன மறைப்புக் கூடாரம் மூன்றையும் வாங்கினேன். நாங்கள் வாங்கிய கேம்பிங் சாமானில் உருப்படியானது அதுதான்.

சமையலில் அம்மா ஜெயித்தார். அந்த இடம் கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்குப் பக்கம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்; அரிசி வேகாமல் கிடந்து உயிரை வாங்கும். குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு நான் கிண்டல் செய்திருந்தேன். கேஸ் அடுப்பில் மூன்று விசில் விட்டுச் சாதத்தை இறக்கி, "எங்க, இப்ப சிரி" என்றார். பாத்திரத்தைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிட்டால் தண்ணீர் பாதிதான் செலவாகும். துடைத்த காகிதம், எலுமிச்சைத் தோல், சிந்திய பருக்கை எல்லாம் குப்பைப் பையில் போய், பை காருக்குள் போக வேண்டும். தோல்தானே, மக்கிவிடும் என்று வீசிவிட்டு வராதீர்கள். காக்கையும் கயோட்டி என்கிற சின்ன ஓநாயும் அந்த ருசி கண்டால் அடுத்து வருகிறவன் டென்ட்டைக் கிழிக்கும். மொன்டானா, வயோமிங் பக்கம் கிரிஸ்லி கரடி உள்ள காடு என்றால் சாப்பாட்டை எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்று தனி உத்தரவே இருக்கும்.

ராத்திரி எல்க் கத்தியது. நம் மிளாவைவிடப் பெரிய மான். செப்டம்பர் அதற்கு இணைசேரும் காலம். தகரக் கதவைத் திறப்பது போல அடியில் தொடங்கி விசில் போல உச்சிக்குப் போய் நிற்கும். பையன் என் போர்வைக்குள் வந்துவிட்டான். வெளியே ஐந்து டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருந்திருக்கும். பகலில் அரைக்கைச் சட்டை போட்ட அதே ஊர்.

இப்போது நெருப்பு. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

மே, ஜூன் மாதங்களில் இந்தக் காடுகள் பஞ்சு மாதிரி காய்ந்து கிடக்கும். தீத்தடை படிப்படியாக வரும். முதல் படியிலேயே, கட்டிய முகாமுக்கு வெளியே விறகு மூட்டக்கூடாது. திருகி அணைக்கிற கேஸ் அடுப்புக்கு மட்டும் அனுமதி. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. கிளம்புகிற அன்று காலையில் அந்தக் காட்டின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள், போன வாரம் பார்த்தது செல்லாது. 2022 ஜூனில் இங்கே ஃபிளாக்ஸ்டாஃப் என்கிற ஊருக்கு வடக்கே பைப்லைன் தீ என்று ஒன்று எரிந்தது. 26,000 ஏக்கருக்கு மேல். காட்டில் தங்கியிருந்த ஒருவர் கழிப்பறைக் காகிதத்தைக் கொளுத்திக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனதில் தொடங்கியது. மறுநாள்தான் தீ வெளியே தெரிந்தது. கரிந்த மலையில் அந்தக் கோடை மழை பெய்தபோது, வெள்ளம் சேறும் கட்டையுமாக ஊர்த் தெருக்களில் இறங்கியது.

நாங்கள் போன செப்டம்பரில் தடை இல்லை. கீழே விழுந்த காய்ந்த சுள்ளி பொறுக்கி, இருந்த கல்வட்டத்துக்குள் சின்னதாக மூட்டினோம். படுக்கப் போகும் முன் நான் அரைக் குடம் தண்ணீர் ஊற்றினேன். புஸ்ஸென்று புகை கிளம்பி அடங்கியது. முடிந்தது என்று எழுந்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை.

"நீறு பூத்துக் கெடக்குய்யா. உள்ள கங்கு இருக்கும்."

"அணைஞ்சிருச்சும்மா."

பதில் சொல்லாமல் ஒரு குச்சியை எடுத்து ஓரத்திலிருந்து கிளறினார். மேலே சாம்பல் ஈரச் சேறாக இருந்தது. இரண்டு அங்குலம் கீழே சிவப்பாக ஒரு கண் திறந்தது, பக்கத்தில் இன்னொன்று. ஊற்றிய தண்ணீர் மேலே பாளமாகக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கவே இல்லை. நான் ஊற்ற ஊற்ற அவர் கிண்டிக்கொண்டே இருந்தார், களி கிண்டுகிற மாதிரி. கல்லைப் புரட்டி அடியில் பார்த்தார். பாதி எரிந்த கட்டையைத் தனியாக எடுத்து ஈரத்தில் புரட்டினார். கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு மேல் காட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் விரலை உள்ளே விட்டார். முப்பது வருஷம் விறகடுப்பில் சமைத்த கை அது. இங்கே வனத்துறை பலகை வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் இதே வரிசைதான்: ஊற்று, கிளறு, தொட்டுப் பார்.

குரங்கணி எங்கள் ஊருக்குப் பக்கம். 2018 மார்ச்சில் அங்கே மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள். அம்மா அன்றைக்கு ஊரில் இருந்தார். அதைப் பற்றி அந்த ராத்திரியில் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பதிலைப் படித்துவிட்டு நம்மூர்க் காட்டில் யாரும் முயற்சி செய்து பார்க்காதீர்கள். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். யானை இருக்கிற காடு வேறு. ஆசை இருந்தால் 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறை 40 பாதைகளைத் திறந்திருக்கிறது, வழிகாட்டியோடு போகலாம்.

பெற்றோரோடு முதல் தடவை என்றால் ஒரே ஒரு ராத்திரி, கழிப்பறை இருக்கும் ஊருக்கு அரை மணி தூரத்துக்குள். எந்தச் சாலை, எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இலையுதிர்காலம் வேட்டைக்காலமும்கூட; பையனுக்கு ஆரஞ்சுச் சட்டை போட்டு விடுங்கள். தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) என்று புத்தகக் கணக்கு சொல்லும்; நம் சமையலுக்கு இரண்டு வேண்டும். நாங்கள் கொண்டுபோனது ஏழு கேலன் நீலக் கேன் ஒன்று. அந்த நெருப்புக் கங்குகளை அணைத்ததில் மூன்று கேலன் போய்விட்டது. காலையில் காப்பி போட்ட பிறகு பல் விளக்கத் தண்ணீர் இல்லை. அம்மா கேனைச் சாய்த்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ ரெண்டு கேனா வாங்கு" என்றார்.

அடுத்த தடவை என்று அவர் வாயால் வந்ததை மனைவி குறித்துக்கொண்டார்.