நண்பரின் ரிவால்வர்

அன்புள்ள ஐயா,

துப்பாக்கிப் பயிற்சி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒன்றரை வருடமாக ஒரு சுடும் கழகத்தில் உறுப்பினராக இருக்கிறேன். இதுவரை கழகத்தின் துப்பாக்கிகளில்தான் பழகியிருக்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ள உரிமம் கிடைத்துவிட்டது.

என்னைவிட 15 வயது மூத்த நண்பர் ஒருவர், தன்னுடைய ரிவால்வரை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். .357 மேக்னம், நான்கு அங்குலக் குழல், ஆறு அறை. 20 வருடத்துக்கு மேல் அவரிடம் இருக்கிறது. "அதிகம் சுட்டதே இல்லை, கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறேன்" என்கிறார். புதியதன் விலையில் பாதிகூடக் கேட்கவில்லை. அவர் மனைவி இறந்து எட்டு மாதமாகிறது. வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்கிறார். கேமரா, புத்தகங்கள், தச்சுக் கருவிகள் எல்லாவற்றையும் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

பழைய ரிவால்வரை எப்படிச் சோதிப்பது? துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று கேட்டால் அவர் மனம் நோகுமோ என்று தயக்கமாக இருக்கிறது. பயிற்சிக்கும் ஆகும், வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆகும் என்பது என் எண்ணம். மனைவிக்கு அவ்வளவாக விருப்பமில்லை. வீட்டில் 13 வயது மகன் இருக்கிறான். வாங்கலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதில் ரிவால்வரைச் சோதிப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை, உங்கள் நண்பரைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தேன். நீங்கள் அவரைப் போய்ப் பார்த்தீர்கள், அவர் மகள் இப்போது வந்து கூடவே இருக்கிறார் என்று பதில் போட்டீர்கள். அதற்குப் பிறகு, உங்கள் இருவரின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி இதை வெளியிடுகிறேன்.

அன்று நான் பதறியதற்குக் காரணம், கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த விஷயம். மனைவி போய் எட்டு மாதம். ஆசையாகச் சேர்த்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கையில் ஒரு ரிவால்வர். ஒருவேளை அவர் வீட்டைச் சுருக்கிக்கொள்கிறார், அவ்வளவுதானோ என்னவோ. மனைவியின் நினைவு படிந்த பொருள்களைப் பார்க்கத் தாங்காமலும் கொடுத்திருக்கலாம். ஆனால் உயிரை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களிடம் தெரியும் அடையாளங்களில், பிரியமான பொருள்களை விநியோகிப்பதும் ஒன்று. அதனால்தான் சுற்றிவளைக்காமல் நேரடியாகக் கேட்கச் சொன்னேன். "சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றுகிறதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்று இத்துறையில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்கப்பட்டவருக்கு ஒருவரிடமாவது சொல்லிவிட்ட ஆறுதல்தான் கிடைக்கிறது. அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருந்தாலே மனம் மாற அவகாசம் கிடைக்கிறது.

ஆகவே நீங்கள் வாங்குகிறீர்களோ இல்லையோ, அந்த ரிவால்வர் இப்போதைக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டாம். கழகத்தின் ஆயுத அறையோ, உரிமம் பெற்ற விற்பனையாளரோ சட்டப்படி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். நீங்களாக எடுத்து வந்துவிடாதீர்கள். "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று இன்னொருவரின் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டு வருவதே பல நாடுகளில் குற்றம். உங்களிடம் உரிமம் இருந்தாலும் அந்த உரிமத்தில் அந்தத் துப்பாக்கியின் எண் ஏறியிருக்காது. நட்புக்காகச் செய்த உதவி என்றால் சட்டம் கேட்டுக்கொள்ளாது.

சரி, இனி துப்பாக்கி.

மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால் நண்பர் மனம் நோகுமோ என்கிறீர்கள். எனக்கு 31 வயதில் இதே தயக்கம் இருந்தது. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய ரிவால்வர் வாங்கினேன். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால் எதையும் சோதிக்கவில்லை. மூன்றாவது முறை ரேஞ்சுக்குப் போனபோது பக்கத்துத் தடத்தில் நின்றவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். விரல் இடுக்கில் ரத்தம். என் ரிவால்வரின் ஆறு அறைகளில் ஒன்று மட்டும் குழலுக்கு நேராக வந்து நிற்காமல் இருந்திருக்கிறது. தோட்டாவின் ஈயம் குழலின் வாயில் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறித்திருக்கிறது. இரண்டு அங்குலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

என் நண்பர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. பணத்தைத் திருப்பித் தந்தார். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் முன்போலப் பேசவில்லை. நான் குற்றம் சாட்டுவதாக அவர் நினைத்தார், அவர் மறைத்தாரோ என்று நானும் ஒரு கணம் நினைத்துவிட்டேன். வாங்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அந்த நட்பு இன்றும் இருந்திருக்கும். அதனால் தயங்காமல் கேளுங்கள். "நீங்கள் சொன்னால் நம்புகிறேன், இருந்தாலும் பக்கத்தில் நின்று சுடுபவருக்கு நான்தானே பொறுப்பு" என்று சொல்லுங்கள். 20 வருடம் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு இது புரியும்.

மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை நிறைய. கையில் வாங்கியதும் உருளையை வெளியே தள்ளி ஆறு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் பாருங்கள். நண்பர் கைக்குப் போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் பாருங்கள். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளில் முதலாவதே, எந்தத் துப்பாக்கியும் எப்போதும் குண்டு நிரம்பியதாகவே கருதப்பட வேண்டும் என்பது. கழகத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நண்பர் வீட்டுக் கூடத்தில், காபி குடிக்கும் நேரத்தில்தான் அது மறந்துபோகும்.

அடுத்தது டைமிங், அதாவது ஒவ்வொரு அறையும் சரியான நேரத்தில் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்வது. என்னை ஏமாற்றியது இதுதான். அறைகளில் மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டு உருளையை மூடுங்கள். ஒரு விரலால் உருளையை லேசாக, உரசும் அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்புறச் சுத்தியலை, மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுதாகப் பின்னால் வந்து நிற்பதற்குள் உருளை 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் உருளையை விரலால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் டைமிங் போய்விட்டது. இதை ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் கெட்டிருக்கும்.

ஹேமர் பின்னால் நிற்கும்போது, குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, டிரிகரைத் தொடாமல் ஹேமரின் முதுகில் கட்டைவிரலால் அழுத்துங்கள். விழுந்துவிட்டால் உள்ளே பற்கள் தேய்ந்திருக்கின்றன, அல்லது டிரிகர் மெதுவாக இருக்க வேண்டும் என்று யாரோ அராவியிருக்கிறார்கள். அதோடு விட்டுவிடுங்கள், வாங்க வேண்டாம். ஸ்க்ரூ தலைகளையும் பாருங்கள். கீறிச் சிதைந்திருந்தால் தெரியாதவர் யாரோ திறந்து கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

உருளையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடக் கூடாது. உருளைக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மெக்கானிக் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு அளப்பார். பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். 0.25ஐத் தாண்டினால் தேய்மானம் அதிகம். அந்த இடைவெளிக்கு அப்பால், தோட்டா குழலுக்குள் நுழையும் வாய்ப்பகுதியை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக அதன் அடிப்பக்கத்தை. சில பழைய .357 மாடல்களில், எடை குறைந்த வேகமான தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டதால் அங்கே விரிசல் விழுந்திருக்கிறது. விரிசல் இருந்தால் குழலையே மாற்ற வேண்டும்.

குழலின் உட்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் வளையம் போல நிழல் தெரிந்தால், எப்போதோ ஒரு தோட்டா உள்ளே சிக்கி, அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள். குழல் உப்பியிருக்கிறது. வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

"அதிகம் சுட்டதில்லை" என்பதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். சுடாமல் தோல் உறையிலேயே வருடக்கணக்கில் கிடந்த துப்பாக்கியில், தோல் உறிஞ்சிய ஈரம் இரும்பை அரித்திருக்கும். கைப்பிடிப் பலகைகளைக் கழற்றி அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அவரிடம் மிஞ்சியிருக்கும் பழைய தோட்டாக்களை வாங்காதீர்கள், வீட்டிலேயே மருந்து நிரப்பியவை என்றால் தொடவே வேண்டாம்.

.357 எடுப்பதில் ஒரு நன்மை உண்டு. அந்தத் தோட்டா 1935இல் வந்தது, 1898இலிருந்து இருந்த .38 ஸ்பெஷல் தோட்டாவைக் கொஞ்சம் நீளமாக்கிச் செய்தது. நீளமாக்கியதே, வலுவான புதிய தோட்டா பழைய .38 துப்பாக்கிகளுக்குள் போகாமல் இருக்கத்தான். அதனால் .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைத் தாராளமாகச் சுடலாம், உதை குறைவு, காதுக்கும் கைக்கும் நல்லது. ஆனால் .38 மட்டுமே சுட்டிருந்தால் அறைக்குள் கரி வளையம் படிந்து, .357 கூடுகள் சிக்கும். அது கோளாறு இல்லை, சுத்தம் செய்தால் போய்விடும். பயந்து விலகிவிடாதீர்கள்.

மெக்கானிக் சரி என்று சொன்ன பிறகு, விலை பேசி முடிக்கும் முன், ரேஞ்சில் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். சட்டம் அனுமதிக்கும் முறையில், கழகப் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க. துப்பாக்கியின் எண் நண்பரின் உரிமத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பயிற்சிக்கு அது நல்ல துப்பாக்கி. வாங்கலாம் என்பேன்.

வீட்டுப் பாதுகாப்புக்கு என்றால் வேண்டாம் என்பேன். ஆபத்து வந்த நொடியில் எடுக்க வேண்டும் என்றால் அது நிரப்பப்பட்டு, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 13 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அது பூட்டப்பட்டு, தோட்டா வேறிடத்தில் பூட்டப்பட்டு இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. 2020இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கலிஃபோர்னியாவில் 2.6 கோடி பேரை 12 வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தங்களையே சுட்டுக்கொண்டு இறந்த விகிதம், வைத்திராத ஆண்களைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. பெண்களிடம் 35 மடங்கு. வாங்கிய உடனே வரும் நாள்களில் அபாயம் மிக அதிகம் என்றாலும், அத்தகைய இறப்புகளில் பாதிக்கு மேல் ஒரு வருடம் கழித்து நடந்தவை. வாங்குகிறவர்கள் திருடனை நினைத்து வாங்குகிறார்கள். வீட்டில் ஒருவருக்கு மனம் உடையும் நாளை யாரும் நினைப்பதில்லை. பதின்பருவத்துப் பையனுக்கு அப்படி ஒரு நாள் வரவே வராது என்று எந்தத் தகப்பனாலும் சொல்ல முடியாது. பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

உங்கள் மனைவியின் தயக்கத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், எது பயமாக இருக்கிறது என்று. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கழகத்திலேயே பூட்டி வைத்துவிட்டு, சுடும் நாளில் மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் அவர் ஒப்புக்கொள்ளக்கூடும். நானும் பதினோரு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

விலை விஷயம். பாதி விலைக்கு வாங்காதீர்கள். துக்கத்தில் இருப்பவர் எதையும் என்ன விலைக்கும் தள்ளிவிடுவார். மெக்கானிக் சொல்லும் மதிப்பைக் கொடுங்கள். அவசரமும் வேண்டாம். ரிவால்வர் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டால், ஆறு மாதம் கழித்து அவர் மனம் கொஞ்சம் தெளிந்த பிறகு முடிவு செய்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், அந்தக் கேமராவும் தச்சுக் கருவிகளும் யாரிடம் போயிருக்கின்றன என்று விசாரித்து, விற்றுவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் அவர் திரும்பக் கேட்கலாம்.

அன்புடன்.