கீரைப் பாத்தி சரி, கிழங்கு எங்கே?

கேள்வி: வீட்டைச் சுற்றி 10 சென்ட் இடம் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர். மூன்று தென்னை நிற்கின்றன. மீதி இடத்தில் கீரை, தக்காளி, கத்தரி போட்டு, பத்து நாட்டுக்கோழியும் இரண்டு ஆடும் வளர்த்தால், கடையில் அரிசி வாங்காமலே சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: முடியாது, அம்மா. ரேஷன் கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நான்கு பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,000 கலோரி வேண்டும். அதைக் கீரையிலேயே எடுப்பதென்றால் தினமும் 30 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்; ஆடே மலைத்துப்போகும். நாட்டுக்கோழி முட்டையில் சுமார் 60 கலோரி. கோழிக்கு ஆண்டுக்கு 70 முட்டை என்றாலும், பத்துக் கோழியின் ஒரு வருட முட்டை உங்கள் வீட்டுக்கு ஐந்து நாள் பசிக்குத்தான் காணும். முட்டையைப் புரதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தென்னை மூன்றும் நன்றாகக் காய்த்தால் அவற்றில் ஏறக்குறைய ஒரு மாதச் சக்தி இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டீர்கள்!

நான் குமரி மாவட்டத்துக்காரன். மரவள்ளியை நாங்கள் மரச்சீனி என்போம். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது எங்கள் குமரியும் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காரர்களின் வயிற்றைக் காத்தது அதுதான். மூன்று சென்ட்டில் மூன்றடிக்கு மூன்றடி நட்டால் 145 மூடு, அதாவது செடி, நிற்கும். மூட்டுக்கு இரண்டு கிலோ என்றால், தோல் போக ஒன்றரை மாதச் சாப்பாடு. குளிக்கிற தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். தென்னை நிழலில் சேனை போடலாம். மரவள்ளிக் கிழங்கை வேகவைத்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும்.

ஆடு வளர்ப்பதானால் மரவள்ளிக்கு முதலில் வேலி போடுங்கள். பச்சை இலையில் நஞ்சு உண்டு. எங்கள் வீட்டுச் சினையாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மேய்ந்தது. வயிறு உப்பி, மூச்சு இரைத்து, மருத்துவர் வருவதற்குள் செத்துவிட்டது.

கோழிக்குத் தீனியை விலைக்கு வாங்கினால் கணக்கு கவிழ்ந்துவிடும். பழைய பானையில் காய்ந்த சாணத்தையும் கிழிந்த சாக்கையும் திணித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, புற்று மண் இருக்கும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்துவையுங்கள். காலையில் தூக்கிப் பார்த்தால் கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அதுதான் விருந்து.