மகள் கல்யாணம் போர்தோ திராட்சைத் தோட்டத்தில்: பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. கோவையில் தனியார் நிறுவன வேலை, அடுத்த ஆண்டு ஓய்வு. மகள் நான்கு ஆண்டுகளாகப் பாரிஸில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை செய்யும் பிரெஞ்சுப் பையனோடு வரும் செப்டம்பரில் திருமணம். மாப்பிள்ளையின் பெற்றோர் போர்தோ அருகே லிபூர்னில் வசிக்கிறார்கள். பக்கத்தில் சேன்ட்-எமிலியோனில் ஒரு ஒயின் எஸ்டேட்டில், அங்குள்ள ஷாட்டோ மாளிகையிலேயே மூன்று நாள் கல்யாணம் வைக்க ஆசைப்படுகிறார்கள். மொத்தம் 80 பேர், எங்கள் பக்கம் 25 பேர். மாளிகை வாடகை 18,000 யூரோ, 40 சதவீதம் முன்பணம் கேட்கிறார்கள். மொத்தச் செலவு 60,000 யூரோ என்று மகள் கணக்குப் போட்டிருக்கிறாள். பாதி எங்கள் பங்கு. 25 பேரின் பயணத்தையும் சேர்த்தால் எனக்கு 45 லட்சம் ரூபாய் வரும். பி.எஃப்.பில் 62 லட்சம், வங்கி டெபாசிட் 24 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 20 லட்சம், 60 பவுன் நகை இருக்கிறது. பி.எஃப்.பில் பாதித் தொகையை எடுக்கலாமா, வீட்டை அடமானம் வைக்கலாமா? வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் 20 சதவீதம் வரி போய்விடுமாமே?

பதில்: முதலில் வாழ்த்துகள். நேரடியாகவே சொல்கிறேன்: பி.எஃப்.பைத் தொடாதீர்கள், வீட்டுப் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுக்காதீர்கள். பி.எஃப்.பில் 20 லட்சம் எடுத்துவிட்டால், ஓய்வுக்குப் பிறகு 7.5 சதவீத வட்டியில் மாதம் 12,500 ரூபாய் உங்கள் கைக்கு வராமல் போகும். அந்தப் பணம் உங்கள் மருந்துச் செலவு, கரன்ட் பில், மளிகை. வீட்டுக் கடன் எடுத்தாலோ, சம்பளம் நின்ற பிறகும் தவணை நிற்காது.

அதற்காகக் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. செலவில் பாதி என்று ஒப்புக்கொள்ளாமல், ஒரு தொகையைச் சொல்லி அதோடு நிறுத்துங்கள். பாதி என்றால் பூ அலங்காரம் கூடினாலும், யூரோ ஏறினாலும் உங்கள் பங்கும் ஏறும். என் கணக்கில் மகளுக்கு 20 லட்சம் ரூபாய் அன்பளிப்பு. நெருங்கிய உறவுகள் எட்டுப் பேர் போய் வர 8 லட்சம். திரும்பி வந்து கோவையில் வரவேற்பு வைக்க 5 லட்சம். மொத்தம் 33 லட்சம். டெபாசிட்டில் 10 லட்சத்தை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 14 லட்சத்தையும் ஃபண்டில் 19 லட்சத்தையும் எடுத்தால் முடிந்தது. ஈக்விட்டி ஃபண்டாக இருந்தால், நீண்டகால லாபத்தில் ஓர் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். மார்ச்சுக்கு முன் ஒரு பகுதி, ஏப்ரலுக்குப் பின் ஒரு பகுதி என்று விற்றால் அந்த விலக்கு இரண்டு முறை கிடைக்கும்.

25 பேரையும் நீங்களே அழைத்துப்போக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 25 பெரியவர்கள் என்றால் அதற்கே 2,250 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது. அதன் மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு. சித்தப்பாவுக்கு விசா கிடைத்து சித்திக்குக் கிடைக்காமல் போனால் எவ்வளவு மனவருத்தம்! ஊர் வரவேற்பில் எல்லோரும் வந்து வாழ்த்தட்டும். உங்கள் பக்கம் 17 பேர் குறைந்தால் சாப்பாட்டுக் கணக்கும் அறைக் கணக்கும் அங்கே தானாக இறங்கும். 20 லட்சத்துக்கு மேல் தேவைப்படுவதை, வேலையில் இருக்கும் மணமக்கள் இருவரும் போட்டுக்கொள்ளட்டும்.

சரி, அந்த எஸ்டேட்டின் கொட்டேஷனை மகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 18,000-க்குப் பக்கத்தில் ‘ஹெச்டி’ என்று இருக்கிறதா, ‘டிடிசி’ என்று இருக்கிறதா? ஹெச்டி என்றால் வரி சேர்க்காத விலை, டிடிசி என்றால் வரி சேர்ந்த விலை. பிரான்ஸில் பொதுவான விற்பனை வரி 20 சதவீதம், ஆகவே ஹெச்டி என்றிருந்தால் கட்ட வேண்டியது 21,600 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே 3.6 லட்சம் கூடுதல். சமையல்காரர், பூ அலங்காரம், போட்டோகிராபர் கொட்டேஷன்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். உணவுக்கு 10 சதவீதம், மதுவுக்கு 20 சதவீதம் என்று ஒரே பில்லில் இரண்டு விகிதம் வரும்.

அடுத்தது முன்பணம். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். பிரெஞ்சுச் சட்டத்தில் முன்பணம் இரண்டு வகை. ‘ஆர்’ என்ற வகையில் கொடுத்தால், நீங்கள் விலகும்போது அந்தப் பணம் மட்டும் போகும். அவர்கள் விலகினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ‘அகோந்த்’ என்ற வகையில் கொடுத்தால் இரு தரப்பும் முழுமையாகக் கட்டுப்பட்டவர்கள். நீங்கள் விலகினாலும் முழுத் தொகையைக் கேட்க முடியும். ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை என்றால் பொதுவாக முதல் வகையாகவே கருதப்படும், ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியே இருப்பார்கள். வரியும் சேர்ந்து 21,600 யூரோ ஆனால், அதில் 40 சதவீதம் என்பது 8,640 யூரோ. கையெழுத்திடும் முன் இந்த ஒரு வரியையும், ரத்துக்கான தேதிகளையும் படிக்காமல் பணம் போகக் கூடாது. கையெழுத்து மணமக்களுடையதாக இருக்கட்டும், உங்களுடையது வேண்டாம். திருமண ரத்துக் காப்பீடும் அங்கே கிடைக்கிறது, இந்த அளவு செலவுக்கு எடுத்துவிடுவது நல்லது.

தேதியையும் ஒருமுறை யோசியுங்கள். நீங்கள் ஆவணி முகூர்த்தம் பார்த்துத்தான் செப்டம்பர் சொல்லியிருப்பீர்கள். சேன்ட்-எமிலியோனில் பெரும்பாலும் மெர்லோ திராட்சை, அதன் அறுவடை செப்டம்பரில். வெயில் கடுமையான ஆண்டில் இன்னும் முன்னதாகவே வந்துவிடும். அந்த நாட்களில் எஸ்டேட் முழுக்க டிராக்டரும் ஆட்களுமாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை கல்யாண சீசன் என்பதால் வாடகையும் உச்சம். ஐப்பசியில் முகூர்த்தம் பார்த்தால் அறுவடை முடிந்திருக்கும், வாடகையைக் குறைத்துக் கேட்கவும் இடம் உண்டு. குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துப்போனால் போதும்.

முகூர்த்த நேரம் குறிக்கும் முன் இன்னொன்று தெரிய வேண்டும். பிரான்ஸில் சட்டப்படி செல்லும் திருமணம் நகராட்சி அலுவலகத்தில் நடப்பது மட்டும்தான், ஷாட்டோவில் நடப்பது சடங்கு. மணமக்களில் ஒருவரோ, அவர்களின் பெற்றோரோ வசிக்கும் ஊரில்தான் பதிவு செய்ய முடியும். மாப்பிள்ளையின் பெற்றோர் லிபூர்னில் இருப்பதால் அங்கேயே வைக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் மதச் சடங்குக்கு முன்பே நகராட்சித் திருமணம் முடிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முகூர்த்தம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் பதிவு ஆகியிருக்க வேண்டும். மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் புதிதாக வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையோடு, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் மாற்ற வேண்டும். இந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.

ஹோமம் வளர்ப்பதற்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2022 கோடையில் அதே ழிரோந்த் மாவட்டத்தில் பெரும் காட்டுத்தீ பரவியது. வெளியே நெருப்பு மூட்டக் கோடையில் தடை வரலாம், பழைய கட்டடத்துக்குள் மூட்ட உரிமையாளர் சம்மதிக்காமல் போகலாம். சமையலுக்கு அவர்கள் சொல்லும் ஆளைத்தான் வைக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். பாரிஸின் லா ஷப்பேல் பகுதியிலிருந்து தமிழ்ச் சமையல்காரரை வரவழைக்க நினைத்தால் அது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஒயின் கணக்கைத் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். நம் பக்கத்துப் பாட்டிகளுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை, குடிக்காதவர்களைத் தனியாக எண்ணச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 20 சதவீதம். அதன் பெயர் டி.சி.எஸ். அது கூடுதல் வரி இல்லை, முன்கூட்டியே பிடித்து வைப்பது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழியும், மிச்சம் திரும்ப வரும். அன்பளிப்பாக அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தமே இல்லை, அதற்கு மேற்பட்ட தொகைக்குத்தான் 20 சதவீதம். 30 லட்சத்தை ஒரே மூச்சில் அனுப்பினால் 4 லட்சம் மாதக்கணக்கில் முடங்கும். நீங்கள் மார்ச் 31-க்குள் 10 லட்சம், ஏப்ரலில் 10 லட்சம் அனுப்பினால் எதுவும் பிடிக்க மாட்டார்கள். யூரோ விலையையும் இரண்டு தவணையில் சராசரி பண்ணியது போல ஆகும். உங்கள் எல்லா வங்கிகளிலும் சேர்த்துத்தான் அந்த 10 லட்சம், ஆகவே பயணத்துக்கான ஃபாரெக்ஸ் கார்டை உங்கள் மனைவி பெயரில், அவர் பான் எண்ணில் வாங்குங்கள்.

மகளுக்கு அங்கே வரி வருமா என்ற பயம் வேண்டாம். பிரான்ஸில் கடந்த 10 ஆண்டுகளில் ஆறு ஆண்டுகள் வசித்தவர்கள் வெளிநாட்டிலிருந்து பெறும் அன்பளிப்புதான் அங்கே வரிக் கணக்கில் வரும், அப்படி வந்தாலும் ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் 15 ஆண்டுக்கு 1,00,000 யூரோ வரை விலக்கு உண்டு. அன்பளிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நகை பற்றி. 60 பவுனையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அணிந்து போய்த் திரும்பக் கொண்டுவரும் நகைக்கு, புறப்படும் முன் விமான நிலையக் கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கினால் திரும்பும்போது தொல்லை இல்லை. அங்கேயே மகளிடம் விட்டுவரும் நகை வேறு விஷயம், விமானத்தில் கொண்டுபோகும் பரிசுப் பொருளுக்கு ஐரோப்பாவில் வரியில்லா வரம்பு 430 யூரோதான். தாலியும் அன்று அவள் அணியப்போகும் ஒன்றிரண்டும் போதும். மீதி லாக்கரில் இருக்கட்டும், அவள் பெயரில் பில்லோடு.

பில் எதற்கென்றால், திருமண ஒப்பந்தம் எழுதாமல் கல்யாணம் செய்து பிரான்ஸில் குடியிருந்தால், திருமணத்துக்குப் பின் இருவரும் சம்பாதித்து வாங்குவது இருவருக்கும் பொது. முன்பே அவளுக்கு இருந்ததும், நீங்கள் அவளுக்கு மட்டும் கொடுத்ததும் அவளுடையதாகவே இருக்கும், ஆனால் அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். சொத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள விரும்பினால், நோட்டேர் எனப்படும் அங்குள்ள சட்ட அதிகாரி முன் கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுத வேண்டும். மாப்பிள்ளையை நம்பாமல் செய்வதல்ல இது, அங்கே வழக்கமாகச் செய்வதுதான். மகளிடம் இந்த வாரமே பேசுங்கள், அவர்கள் இருவரும் சேர்ந்து நோட்டேரைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.