பட்டனின் சாதியை அழித்தது யார்?

கேள்வி: நெல்லை வட்டாரத்தின் நாட்டார் கதைகளையும் வரலாற்றையும் அடிப்படையாக வைத்து நண்பர்கள் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் தொடங்குகிறோம். முதல் இதழில் முத்துப்பட்டன் கதை வருகிறது. கொச்சைச் சொற்களையும் சாதிப் பெயர்களையும் நீக்கி, மண்ணின் பெருமை தெரியும்படி நல்ல தமிழில் எழுதியிருக்கிறோம். 'தொகுப்பு: ஆசிரியர் குழு' என்று போடப்போகிறோம். உங்கள் கருத்து என்ன?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முத்துப்பட்டன் கதையிலிருந்து சாதியை உருவிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? காட்டில் ஒருவன் இரண்டு பெண்களைப் பார்த்தான், கட்டிக்கொண்டான், மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இதைச் சொல்ல வில்லும் குடமும் உடுக்கும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க யாராவது பாடுவார்களா?

அவன் பிராமணன். பொம்மக்காளும் திம்மக்காளும் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள். பெண் வேண்டுமென்றால் குடுமியை அறு, பூணூலைக் கழற்று, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள் என்கிறார் மாமனார். அவன் செய்கிறான். கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சாமியாக நிற்கும் முத்துப்பட்டனுக்கு, அதாவது பட்டவராயனுக்கு, இன்றைக்கும் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கட்டிய செருப்பு தேய்ந்திருந்தால், சாமி போட்டு நடந்திருக்கிறார் என்பார்கள். ஆடி அமாவாசைக்கு வரும் கூட்டம் கூச்சப்படாத விஷயத்துக்கு உங்கள் ஆசிரியர் குழு ஏன் கூச்சப்படுகிறது?

இந்தக் கதையைச் 'சுத்தம்' செய்யப் புறப்பட்டவர்களில் நீங்கள் முதல் ஆளும் இல்லை. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு பிறப்புக் கதையை யாரோ ஒட்டவைத்தார்கள். அது பிற்காலச் சேர்க்கை என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். ஒட்டவைத்தவர்களாவது ஒரு புதுக் கதை கட்டினார்கள்; நீங்கள் ரப்பரை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் இதழுக்கு நான் சொல்வது, இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் போடுங்கள். எந்தக் கோயில் கொடைவிழாவில் எது பாடப்படுகிறது, யார் கேட்டுக்கொண்டதால் எது விடப்படுகிறது என்று விசாரித்து எழுதுங்கள். கதையை மாற்றச் சொன்னது யார் என்பதுதான் உங்கள் வட்டாரத்தின் வரலாறு. அதற்காக நீங்கள் தனியாக வரலாற்றுப் பகுதி என்று ஒன்று வைக்கக்கூட வேண்டாம்.

கொச்சை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புரியாத சொல் இருந்தால் பக்கத்தின் அடியில் பொருள் கொடுங்கள். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே போட்டார். மறைவாய்ச் சொல்லப்படும் கதைகளைக்கூட அவரும் கழனியூரனும் தொகுத்து அச்சேற்றினார்கள். தமிழ் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

'தொகுப்பு: ஆசிரியர் குழு' என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாடியவர் பெயர் எங்கே? எந்த ஊர், என்ன வயது, யாரிடம் பாடம் கேட்டவர், பாடியது கொடையிலா அல்லது உங்கள் கைப்பேசிக்கு முன்னால் திண்ணையிலா? கொடையில் சாமியாடிக்கு அருள் வரும் இடத்தில் வில்லுக்காரர் பாட்டை நீட்டுவார். திண்ணையில் அதே இடத்தை நாலு வரியில் தாண்டிவிடுவார். இதைக் குறிக்காத தொகுப்பு அரைத் தொகுப்பு. வாய்மொழிக் கதைக்கு ஆசிரியர் கிடையாது என்று வாதம் செய்வீர்கள். ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம், சொன்னவர் இருக்கிறாரே. அவர் பெயரைத் தலைப்புக்குக் கீழே போடுங்கள், அனுமதி கேளுங்கள், சன்மானம் கொடுங்கள். கவிதை எழுதும் நண்பருக்கு இதழை இலவசமாக அனுப்பிவிட்டுக் கணியான் கூத்துக் கலைஞரிடம் சந்தா கேட்கும் பத்திரிகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, பெருமை. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் 'கான்சாகிபு சண்டை'யும் ஒன்று. அந்தப் பாடலின் நாயகன் கான்சாகிபு என்கிற யூசுப் கான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் படை நடத்தி, 1761-இல் நெற்கட்டும்செவலில் பூலித்தேவரை வீழ்த்தியவர். பிறகு அதே கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். சம்மட்டிபுரத்தில் அவருக்குத் தர்கா இருக்கிறது. நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு நினைவு மாளிகை இருக்கிறது. 'மண்ணின் பெருமை' என்ற தலைப்பில் இவர்கள் இருவரையும் எந்த வரிசையில் உட்கார வைப்பீர்கள்? உட்கார வைக்க முடியாது. பாடலின் அடிகளை ஒரு பக்கமும் கம்பெனிக்காரர்கள் எழுதிவைத்ததை எதிர்ப்பக்கமும் அச்சிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் புகுந்து பஞ்சாயத்துப் பண்ணாதீர்கள்.

1969-இல் பாளையங்கோட்டையிலிருந்து வானமாமலையின் 'ஆராய்ச்சி' இதழ் வரத் தொடங்கியது. பழைய இதழ்களைத் தேடிப்பிடித்து ஆசிரியர் குழு முழுவதும் ஒருமுறை படியுங்கள். அதற்குள் வில்லுக்காரரிடம் இன்னொரு தடவை போய், நீங்கள் வெட்டிய இடங்களைத் திரும்பப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். முதல் இதழ் ஒரு மாதம் தாமதமாக வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.