ஸலவாத்து என்றால் என்ன? ஏன் ஓதுகிறோம்?

யாங்கோனில் (பழைய ரங்கூன்) நம் சூலியா பள்ளிவாசல் பக்கம் போனால் ‘அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மத்’ என்று ஓதுவது காதில் விழும். அதுதான் ஸலவாத்து. ‘இறைவா, முஹம்மது நபிக்கு அருள்புரிவாயாக’ என்று பொருள்.

ஏன் ஓதுகிறோம்? குர்ஆன் 33:56 வசனமே ஓதச் சொல்கிறது. ஒருமுறை ஓதினால் அல்லாஹ் பத்து முறை அருள்புரிவான் என்பது நபிமொழி (ஹதீஸ்). தொழுகையில் கடைசியாக உட்காரும் இருப்பிலும் ஓதுகிறோம்.

அந்தக் காலத்தில் ரங்கூனில் கப்பலேறுபவரிடம், “உம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்புவார்களே, அதுபோல நம் சலாமை வானவர்கள் நபியிடம் சேர்க்கிறார்கள் என்றும் ஹதீஸ் உண்டு. எனக்கு மிகவும் ஆறுதலான செய்தி இது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் போய்ச் சேரும்.

சரி, இது நபியை வணங்குவதா? இல்லை. நபிக்காக அல்லாஹ்விடம்தான் கேட்கிறோம்.